மச்சினன் முதுகில்

மலையேற வருகிறவர்களுக்கு வழிகாட்டியாகப் போகும் அவரை எல்லோரும் 'கழுகு' என்றுதான் கூப்பிடுவார்கள். எந்த உயரமும் தன்னை ஒன்றும் செய்யாது என்று அவர் மார்தட்டாத நாளில்லை. அன்று காலையில், கூடாரங்களைச் சுமந்துகொண்டு பின்தங்கி வந்த மச்சினனை, வெளியூர்க்காரர்கள் முன்னாலேயே, "நீயெல்லாம் எதுக்குடா மலைக்கு வர்ற?" என்று கேட்டுவிட்டார்.

உச்சியை நெருங்கும்போது அவருக்குத் தலைவலியில் மண்டை பிளந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தவர், வாந்தியெடுத்துப் பனியில் சரிந்தார். பயணம் அத்தோடு நின்றது. மச்சினன் சுமையை மற்றவர்களிடம் பிரித்துக் கொடுத்துவிட்டு, அவரை முதுகில் கட்டிக்கொண்டு இறங்கினான்.

அடிவாரத்து டீக்கடை நெருங்கியதும் அவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

"முதுகுல யாருப்பா?" என்றாள் கடைக்காரம்மா.

"வெளியூர் ஆளு, அக்கா. மலை ஒத்துக்கல," என்றான் மச்சினன்.

தன் மானத்தைக் காக்க அவன் பொய் சொன்னது அவருக்குச் சுருக்கென்று தைத்தது. துண்டை விலக்கினார்.

"நான்தாம்மா. நடக்க முடியல, இவன்தான் தூக்கிட்டு வர்றான்."

அவள் சிரிக்கவில்லை. வெந்நீரை ஆற்றி அவர் வாயருகே பிடித்தாள். சிரித்திருந்தாலாவது தேவலை என்றிருந்தது அவருக்கு.