பதினோரு குழி

ப்ளீச்சிங் பவுடர் வாசம். மழை விட்ட காலையில் சரவணம்பட்டித் தெருச் சாக்கடை ஓரமாக யாரோ தூவிக்கொண்டு போகிறார்கள். எல்லாரும் மூக்கைப் பொத்துகிறார்கள். நான் வாசலில் நின்று இழுத்து இழுத்து முகர்கிறேன். என் ஒன்பது வயசுக்கு இந்த வாசம்தான். கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் புண் கழுவுகிற தண்ணீர் இப்படித்தான் இருக்கும். அந்த வாசத்துக்குள் எங்கேயோ ஒரு அக்கா இன்னும் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறாள்.

தொண்ணூறுகளின் நடுவில் அது. சோமனூரில் எங்கள் வீட்டில் தறி ஓடும். வெந்நீர் அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்திருந்தபோது எனக்கு வலிப்பு வந்து தலை தணலில் சாய்ந்தது. தறிச் சத்தத்தில் நான் விழுந்தது யாருக்கும் கேட்கவில்லை. அம்மா ஓடிவந்து தூக்குவதற்குள் உச்சந்தலையில் தோல் போய் எலும்பும் வெந்துவிட்டது.

"மேலெலும்பு செத்துப்போச்சுங்கம்மா," என்றார் டாக்டர். "அது மேல தோல் வெச்சா ஒட்டாது. அந்த எலும்புல சின்னச் சின்னதா குழி போடறோம். அடியில உயிரிருக்கு, அங்கிருந்து செவப்பா சதை ஏறி வரும். எல்லாக் குழியும் செவந்தாத்தான் தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்ட முடியும்."

பதினோரு குழி போட்டார்கள்.

பக்கத்துக் கட்டிலில் சூலூர் அக்கா, பன்னிரண்டு வயசு. மொட்டை மாடியில் துணி காயப்போடும்போது கரண்டுக் கம்பி அவள் தலையில் பட்டுவிட்டது. அவளுக்குப் போட்டிருந்த குழியெல்லாம் சிவந்து, தோலும் ஒட்டிவிட்டது. எனக்குக் கண்ணாடி தரமாட்டார்கள். கட்டுப் பிரிக்கும்போது அம்மா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிடுவாள். அக்காதான் எட்டிப் பார்ப்பாள்.

"ஏ புள்ள, பல்லாங்குழிப் பலகையாட்ட இருக்குது. சோழி போடட்டுமா?"

"செவந்திருச்சாங்க்கா?"

"நாலு செவந்திருச்சு. அஞ்சாவது இப்பத்தான் வெக்கப்படுது."

துணி உரியும்போது அவள் கையைக் கடிப்பேன். "நல்லாக் கடி. மோதர வெரல மட்டும் உட்டுரு, கல்யாணத்துக்கு வேணும்."

தன் உச்சியில் கையகலத்துக்கு முடி இனி முளைக்காது என்று அவளுக்குத் தெரியும். "மிச்சத்த இழுத்துச் சீவி மறைச்சுப்போட்டு ரெட்டைச் சடை போடுவேன், பாத்துட்டே இரு" என்பாள்.

அவள் வீட்டுக்குக் கிளம்பிய காலையில் எனக்குப் பத்துக் குழி சிவந்திருந்தது. பதினொன்றாவது வெள்ளையாகவே கிடந்தது. பூப்போட்ட துணியைத் தலையில் கட்டிக்கொண்டு, கதவருகே போய்த் திரும்பி, "வாரேன் புள்ள" என்றுவிட்டாள்.

எங்கள் பக்கம் மளிகைக் கடைக்குப் போனாலும் "வாரேன்"தான். "போறேன்" என்றால் வாயிலேயே போடுவார்கள். ஆஸ்பத்திரியில் மட்டும் இது தலைகீழ். ஆயாம்மா துடைப்பத்தோடு பாய்ந்தாள். "அட கிறுக்கு அம்மணி! இங்க நின்னுட்டு வாரேங்கற? மறுக்கா கட்டுல் போட்டு வெக்கோணுமா?"

"தெரியாமச் சொல்லிப்போட்டனுங்க." அக்கா நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

எனக்கு அந்தச் சொல்தான் வேண்டியிருந்தது. "வாரேன்னே சொல்லுங்க்கா" என்று அழுதேன்.

பதினொன்றாவது குழி அதற்கப்புறம் ஒரு வாரம் கழித்துச் சிவந்தது. நர்ஸ் பார்த்துச் சொன்னார். அதில் வெட்கமும் இல்லை, சோழியும் இல்லை. தோல் ஒட்டியது. நானும் மிச்ச முடியை இழுத்துச் சீவி வளர்ந்தேன். சூலூர் பஸ்ஸில் ஏறினால் இன்றைக்கும் முன் சீட்டுப் பெண்களின் உச்சியைத்தான் பார்க்கிறேன். யாராவது ஒருத்தி முடியைக் குறுக்கே இழுத்துச் சீவியிருந்தால் இறங்க வேண்டிய இடத்தை விட்டுவிடுகிறேன். அவள் முகம்கூட இப்போது சரியாக நினைவில்லை. பார்க்காத அந்த ரெட்டைச் சடைதான் தெளிவாகத் தெரிகிறது.

அன்று அவள் கதவிலிருந்து திரும்பி வந்தாள். கட்டுப் போட்ட தலையில் படாமல், காதோரம் குனிந்தாள்.

"போறேன் புள்ள. நீயும் சீக்கிரமா ஊட்டுக்குப் போயிரு."