இரண்டு சின்னப் பாய்ச்சல், ஒரு பெரிய பாய்ச்சல்

இதைக் கட்டுக்கதை என்று நினைப்பவர்கள் இப்போதே பக்கத்தைப் புரட்டிவிடலாம். யாரையும் நம்பவைக்க எனக்குப் பொறுமை இல்லை. போன ஜூலையில், ஒக்லாந்தில், ஹில்ஸ்பரோவில் ஒரு வாடகை வீட்டில் நடந்தது. அதுவும் பட்டப்பகலில். நடந்தது கேதீஸ்வரனுக்கு. அதே ஊரில் விரி என்ற பகுதியில், ஒரு கிடங்கில் என்னோடு ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன். நேரமெல்லாம் அவன் சொல்லச் சொல்லக் குறித்துக்கொண்டேன்.

கேதீஸ் நல்லவன்தான். ஆனால் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். அந்தக் கோபம் மட்டும் இல்லாவிட்டால் இந்தக் கதையே இல்லை.

அவனுக்கு ஒரே அக்கா, இராசமலர். பத்து நிமிடக் கார் தூரத்தில், த்ரீ கிங்ஸில் இருந்தார். இரண்டு வருடத்துக்கு முன் அக்காவின் மகள் பிரணவிக்குச் சாமத்தியவீடு, அவள் பெரியபிள்ளையான சடங்கு. தலையில் பாலும் அறுகம்புல்லும் வைத்து முதல் தண்ணீர் வார்க்க வேண்டியவன் தாய்மாமன். அந்தத் தாய்மாமனுக்கு அக்கா அழைப்பை வட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டார். வேலை, மண்டபம், சமையல் என்று ஓடிய ஓட்டத்தில் செய்த பிழை. ஆனால் நம் ஆட்களுக்கு அது சின்னப் பிழையா? வீட்டுக்கு வந்து சொல்லாத விசேஷத்துக்கு எவன் போவான்? கேதீஸ் போகவில்லை. அக்காவின் கணவர் நவரத்தினம் அத்தான் வேறு யாரையோ பிடித்துத் தண்ணீர் வார்ப்பித்தார். அன்றோடு பேச்சு நின்றது.

ஆனால் ஒரு தொடர்பு மிச்சமிருந்தது. ஊரடங்குக் காலத்தில் இருவரும் இணையத்தில் ஒரு தவளை விளையாட்டுப் பழகியிருந்தார்கள். தண்ணீரில் வரிசையாகக் கம்பங்கள். திரையை லேசாகத் தட்டினால் தவளை சின்னதாய்ப் பாயும். அழுத்தினால் பெரிதாய்ப் பாயும். ஒரு வினாடிக்கு மேல் நின்றால் கம்பம் தாழ்ந்துவிடும். அவ்வளவுதான். ஆனால் ஐம்பது கம்பம் தாண்டுவதற்குள் நாக்குத் தள்ளிவிடும். நண்பர் பட்டியலில் உள்ளவர் அதே நேரம் விளையாடினால், அவருடைய தவளை சாம்பல் நிழலாக நமக்கு முன்னால் பாய்ந்து போகும்.

பேசாமல் இருந்தார்களே ஒழிய, இருவரும் மற்றவரைப் பட்டியலிலிருந்து நீக்கவில்லை. அக்கா அதிகபட்சம் தாண்டியது 311 கம்பம். தம்பி 309. இரண்டு வருடமாக அவர்கள் சுகம் விசாரித்துக்கொண்டது இப்படித்தான்.

அன்று சனிக்கிழமை. விடாத மழை. பிற்பகல் 3:05. கேதீஸின் மனைவி ராகவி போனோடு ஓடி வந்தாள்.

“இஞ்சேருங்கோ, மச்சாளுக்குக் கடுமையாம். ஆஸ்பத்திரியில வச்சிருக்கினம். வெளிக்கிடுங்கோ.”

“ஆர் சொன்னது?”

“உங்கட அத்தான். வட்ஸ்அப்பில போட்டிருக்கிறார்.”

“இதுக்கும் வட்ஸ்அப்போ!”

அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கையில் விளையாட்டுத் திறந்தபடி இருந்தது. அந்த நேரம் பார்த்து அக்காவின் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரிந்தது. ‘இப்போது விளையாடுகிறார்.’ நேரம் 3:07.

“பாரும்! கடுமையாம். கட்டிலில கிடந்து தவளை விடுறா. எல்லாம் நடிப்பு.”

“பிரணவி விளையாடுறாளோ தெரியாது.”

“இல்லை. இது அவதான்.”

அதில் அவனுக்குச் சந்தேகமே இல்லை. இரண்டு சின்னப் பாய்ச்சல், ஒரு பெரிய பாய்ச்சல். அக்கா எப்போதும் அப்படித்தான் விளையாடுவார். கையெழுத்து மாதிரி அது.

ராகவி கார்ச் சாவியை எடுத்தாள். “நான் போறன். நீங்கள் உங்கட கோபத்தைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு இருங்கோ.”

3:20க்குக் கார் போய்விட்டது. அவன் தனியே இருந்து விளையாடினான். இன்றைக்கு 311-ஐ உடைத்தே தீருவது என்று வெறி. விழுந்தான். திரும்ப ஆரம்பித்தான். திரும்ப விழுந்தான். பல்லைக் கடித்தபடி மறுபடியும் தட்டினான்.

3:41. ஒன்று உறைத்தது. அக்காவின் நிழல் இதுவரை ஒருதரம்கூட விழவில்லை.

3:58. அவன் விழுந்தபோது நிழல் நின்றது. ஒரு வினாடி... ஐந்து வினாடி... பத்து. கம்பம் தாழவே இல்லை. அவன் திரும்ப ஆரம்பித்த பிறகுதான் அதுவும் பாய்ந்தது.

‘நக்கல் அடிக்கிறா’ என்று நினைத்தான். ராகவி இரண்டு முறை அழைத்தாள். இரண்டையும் வெட்டினான்.

4:19. 280... 295... 304. வாழ்க்கையில் இவ்வளவு நன்றாக அவன் விளையாடியதில்லை. நிழல் பாய்ந்த இடத்தில் பாய்ந்தான். அது வழி காட்டுவது போலிருந்தது. அதுவும் எரிச்சலாக இருந்தது. 311-இல் விழுந்தான்.

நிழல் 312-இல் நின்றது.

அந்த விளையாட்டில் தவளையின் முதுகுதான் தெரியும். முகம் தெரியாது. முகமே வரையப்படவில்லை.

அது திரும்பியது... மெதுவாக... அவன் பக்கம்.

முகம் இருக்க வேண்டிய இடம் சாம்பலாகக் கிடந்தது. ஆனாலும் அது தன்னைப் பார்க்கிறது என்று அவனுக்குத் தெரிந்தது.

பயந்தான். பயந்ததால் இன்னும் கோபம் வந்தது. “என்ன வேணும்?” என்று போனைப் பார்த்துக் கத்தினான். “கூப்பிடுறதெண்டா நேர வந்து கூப்பிடு!”

4:44.

டொக்... டொக்... டும்.

விளையாட்டுச் சத்தத்தை அவன் எப்போதோ அணைத்திருந்தான்.

டொக்... டொக்... டும்.

வாசல் கதவு.

போய்த் திறந்தான். யாருமில்லை. மழை மட்டும். கதவைச் சாத்தினான்.

டொக்... டொக்... டும்.

இப்போது அவன் கை கதவில் இருந்தது. தட்டல் உள்ளங்கையில் அதிர்ந்தது.

“போ!” என்று அலறினான். “எனக்கு நீயும் வேண்டாம், ஒருத்தரும் வேண்டாம்!”

பட்டியலைத் திறந்தான். அக்காவின் பெயரை அழுத்தினான். ‘இந்த நண்பரை நீக்கவா?’

டொக்... டொக்...

‘ஆம்.’

4:47.

சத்தம் இல்லை.

4:58க்கு ராகவி திரும்ப அழைத்தாள். இந்தமுறை எடுத்தான். அழுகைதான் கேட்டது.

ஆஸ்பத்திரி நடைபாதையில் அத்தான் ஒரு கடித உறையை நீட்டினார். நான்கு மூலையிலும் மஞ்சள். கேதீஸின் பெயர், அக்காவின் கையெழுத்தில். உள்ளே பிரணவியின் அரங்கேற்ற அழைப்பிதழ்.

“காலமை உன்ர வீட்டுக்கெண்டுதான் வெளிக்கிட்டவா. இந்தமுறை நேர போய்ச் சொல்லோணும் எண்டவா. வாசற்படியிலயே விழுந்திட்டா. பிறகு கண் திறக்கேல்லை.”

“அக்கான்ர போன்?”

அத்தான் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். படியில் அடிபட்டுத் திரை நொறுங்கியிருந்தது. பின்பக்கம் பிளந்து, பற்றரி வெளியே தொங்கியது. காலை ஒன்பதரையிலிருந்து அது அப்படித்தான் கிடந்ததாம்.

கட்டிலருகே பிரணவி உட்கார்ந்திருந்தாள். அவள் ஆங்கிலத்தில்தான் பேசுவாள். அவனை நிமிர்ந்து பார்க்காமலே சொன்னாள். காலையிலிருந்து அம்மா ஒரு விரலைக்கூட அசைக்கவில்லை. மூன்று மணிக்குப் பிறகு வலது பெருவிரல் மட்டும் அசையத் தொடங்கியது. போர்வையில் தட்டிக்கொண்டே இருந்தது. நரம்பு இழுப்பு, சிலருக்கு அப்படி வரும் என்றாள் தாதி. பிரணவி விரலைப் பிடித்துப் பார்த்தாளாம். அவளுடைய உள்ளங்கைக்குள்ளும் தட்டியதாம். லேசாக இரண்டு. பிறகு அழுத்தி ஒன்று. ஏறத்தாழ இரண்டு மணிநேரம்.

“கடைசியில் லேசாக இரண்டு தட்டினார், மாமா,” என்றாள். “மணிக்கூட்டைப் பார்த்தேன். நாலு நாற்பத்தேழு. மூன்றாவது வரும் என்று நான் கையை எடுக்காமல் இருந்தேன்.”