எலுமிச்சைப்புல் வாசம்

நேற்று மகள் தரை துடைக்கப் புதிதாக ஒரு பாட்டில் வாங்கி வந்தாள். மூடியைத் திறந்ததும் எலுமிச்சைப்புல் வாசம். "நல்லா மணக்குதுல்லம்மா?" என்றாள். நான் எழுந்து வாசலுக்குப் போய்விட்டேன். அம்மாவுக்குக் கிறுக்கு என்று நினைத்திருப்பாள், நினைக்கட்டும்.

தொண்ணூறுகளில் கோயம்புத்தூரில் நுண்ணுயிரியல் படித்தேன். படித்தேன் என்பதைவிடக் கிருமி வளர்க்கும் கண்ணாடித் தட்டு கழுவினேன் என்பதுதான் சரி. கூட்டாளி, அதே ஊரில் கணபதிப் பகுதியிலிருந்து வந்த சரோஜா. அவள் அப்பாவுக்கு லேத் பட்டறை, கூடவே சர்க்கரை வியாதி. இரும்புச் சுருள் குத்திய கால் ஆறவேயில்லை. ஆய்வுக்கு வீரியமான கிருமி வேண்டும் என்றார் எங்கள் கைடு. சரோஜா அப்பாவின் புண்ணிலிருந்தே சீழைப் பஞ்சில் ஒற்றிக்கொண்டு வந்தாள்.

அந்தக் கிருமியைத் தட்டில் பரப்பி வேம்பு, நொச்சி, துளசி எல்லாம் வைத்துப் பார்த்தோம். எதற்கும் அசையவில்லை. எலுமிச்சைப்புல் தைலத்தில் நனைத்த காகிதப் பொட்டைச் சுற்றி மட்டும் மறுநாள் கிருமியே இல்லாத வட்டம். கைடு வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துச் சிரித்தார்.

"இத அப்பா கால்ல போடலாமுங்களா சார்?"

"தாராளமா போடு அம்மணி. தட்டுல செத்தது கால்ல சாகாதா?"

விளையாட்டுக்குச் சொன்னாரோ என்னவோ, பாவி மனுஷன். சரோஜா போட்டாள். அப்பா ஆஸ்பத்திரிப் பக்கமே போவதை விட்டார். "அங்க போனா வெரல எடுத்துப்போடுவாங்க கண்ணு. எம்புள்ள மருந்து இருக்குதல்லோ" என்று என்னிடம் பெருமையாகச் சொன்னார். வீடே மணந்தது. அதுதான் வினை. உள்ளே எலும்புவரை அழுகிய நாற்றத்தைத் தைலம் வெளியே விடவில்லை. சர்க்கரைக் காலில் வலியும் தெரியவில்லை. கடைசியில் காலைத் தொடையோடு எடுத்தார்கள். அவர் உயிரோடு வீடு திரும்பவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து வந்த சரோஜாவிடம் கைடு கேட்டார்: "அந்தக் கிருமிக் கல்ச்சர் ஃபிரிட்ஜுல இருக்குதல்ல? பத்திரமா பாத்துக்க. இனி எடுக்க ஆளில்லையே."

அவளும் பார்த்துக்கொண்டாள். கிருமி இருந்த கண்ணாடிக் குழாயில் அப்பா பெயர் எழுதியிருந்தது. கிருமி பட்டினி கிடக்காமல் மாதாமாதம் புதுக் குழாய்க்கு மாற்றினாள். அப்பனைத் தின்றதற்கு மகள் சோறு போட்டாள். பரீட்சை முடிந்த அன்று அந்தக் குழாயைக் கிருமி கொல்லும் ஆய்வகக் குக்கரில் வைத்து மூடினாள். விசில் அடங்கும்வரை நகரவில்லை.

"இன்னைக்குத்தான் புள்ள எங்கப்பன எரிச்சேன்" என்றாள்.

ஆய்வகம் இருந்த இடத்தில் இப்போது வண்டி நிறுத்துகிறார்கள். கைடு போய்ச் சேர்ந்தார். சரோஜா எங்கே இருக்கிறாளோ தெரியாது. தைலம் மட்டும் கடைக்குக் கடை கிடைக்கிறது. தரையைத் துடைக்கட்டும், அதற்குமேல் அதை நம்ப வேண்டாம்.