நிறுத்துகிற தோட்டா

துப்பாக்கி அண்ணனுடையது. நிலமும் அவருடையது. போன காலும் அவருடையதுதான். தோட்டாவைத் தேர்ந்தெடுத்தது மட்டும் நான்.

அண்ணன் என்றால் உடன்பிறந்தவர் இல்லை. அமெரிக்காவில், ஹூஸ்டனை ஒட்டிய பேர்லேண்ட் கோயிலில் ஒரு விசேஷ நாளில் சாம்பார் வாளியின் ஒரு காதை அவரும் மறு காதை நானும் பிடித்துத் தூக்கியதில் ஆரம்பித்த பழக்கம். அவர் கோபிசெட்டிபாளையம் பக்கத்துக்காரர். ஹூஸ்டனில் ஒரு ஆஸ்பத்திரியில் மயக்க மருந்து டாக்டர். நான் சென்னைக்காரன், ஒரு கெமிக்கல் ப்ளான்ட்டில் எஞ்சினியர். என்னைவிட ஆறு வயது மூத்தவர் என்றாலும் என்னை ஒருநாளும் ‘நீ’ என்று சொன்னதில்லை.

ஹூஸ்டனிலிருந்து ஒன்றரை மணி நேரத் தொலைவில் பன்னிரண்டு ஏக்கர் வாங்கியிருந்தார். ஒரு பக்கம் ஓடை, ஓடையை ஒட்டிப் புதர்க்காடு. முருங்கை வைத்தார், கத்திரி போட்டார், மூன்றாவது வருஷம் நிலக்கடலை விதைத்தார். அந்தக் கடலைக்குத்தான் காட்டுப்பன்றிகள் வந்தன. ஒரு சனிக்கிழமை காலை நாங்கள் போய்ப் பார்த்தபோது வயல் முழுக்கக் குழிகளாக இருந்தது. முருங்கைக் கன்றுகளைக்கூட வேரோடு பிடுங்கிப் போட்டிருந்தன.

பக்கத்து நிலத்தில் மாடு வளர்க்கும் ஒரு வெள்ளைக்காரர் வந்து பார்த்துவிட்டு, இந்த நாட்டில் இதற்கு ஒரே மருந்துதான், சுடுவது, என்றார். எங்கள் இரண்டு பேருக்குமே துப்பாக்கி பிடித்துப் பழக்கமில்லை. இரண்டு மாதம் பயிற்சி மைதானத்துக்குப் போய்க் காகிதத்தைச் சுட்டுப் பழகினோம். அண்ணனின் மகளுக்கு அப்போது பதினைந்து வயது. “அப்பா, யூ கான்ட் ஈவன் கில் எ காக்ரோச்” என்று சிரித்தாள்.

துப்பாக்கிக் கடையில் கவுன்டருக்குப் பின்னால் நின்றவள் ஒரு இளம்பெண். முன்கையில் பழைய தீக்காயத் தழும்பு இருந்தது. எதற்கு என்று கேட்டாள். பன்றிக்கு என்றோம். திறந்த வெளியிலா, புதரிலா என்று கேட்டாள். இரண்டும் உண்டு என்றார் அண்ணன். அவள் இரண்டு தோட்டாக்களை எடுத்து எங்கள் முன் வைத்தாள். ஒன்று என் சுண்டுவிரல் நீளத்தில் மெலிதாக, கூராக இருந்தது. அதற்குப் பெயர் டூ-டூ-த்ரீ. இன்னொன்று கட்டைவிரல் பருமனில், மொட்டை மூக்கோடு இருந்தது. ஃபார்ட்டி-ஃபைவ் செவன்ட்டி. மெலிந்தது வேகமாகப் போகும், பருத்தது மெதுவாகப் போகும் என்றாள். பிறகு ஒரு கேள்வி கேட்டாள்: பன்றியைக் கொல்ல வேண்டுமா, நிறுத்த வேண்டுமா?

எனக்கு அந்தக் கேள்வி புரியவில்லை. புரியவில்லை என்று ஒத்துக்கொள்ளவும் தோன்றவில்லை. வார்த்தையை வைத்து வியாபாரம் பண்ணுகிறாள் என்று நினைத்தேன். போனை எடுத்துக் கணக்குப் போட்டேன். மெலிந்த தோட்டாவின் ஆற்றல் பருத்ததில் முக்கால்வாசி இருந்தது. தோளில் விழும் உதையோ கால்வாசிகூட இல்லை.

“அண்ணா, ஃபிசிக்ஸ் சிம்பிள். முக்கால்வாசி எனர்ஜி, கால்வாசிகூட கிக் இல்ல. அந்தப் பெரிசு உங்க தோளை ஒடைச்சுடும். சின்னது ஃப்ளாட்டா போகும், அக்யூரேட்டா போகும், டக்குனு ரெண்டாவது ஷாட்டும் போடலாம்.”

அண்ணன் அந்தப் பருத்த தோட்டாவை உள்ளங்கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தார். “அந்தப் புள்ள இதைச் சொல்றாப்ல இருக்குதுங்களே, தம்பி.”

“அவங்க பழக்கத்துல சொல்றாங்க. நம்பர்ஸ் என்ன சொல்லுதுன்னு பாருங்க.”

“சரிங்க. நீங்க எஞ்சினியரு, நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்று தோட்டாவைக் கீழே வைத்துவிட்டார்.

தோட்டாவின் தலையில் இருக்கும் குண்டிலும் பல வகை உண்டு என்று அவள் சொல்ல வந்தாள். நான் அதற்குள் அலமாரியில் இருந்ததிலேயே வேகமான பெட்டியை எடுத்துவிட்டேன். அட்டையில் ஒரு ஓநாய்க் குட்டி போன்ற நரியின் படம் போட்டிருந்தது.

நாலைந்து மாதம் எல்லாம் நன்றாகவே நடந்தது. வண்டியின் மேல் துப்பாக்கியைச் சாய்த்து வைத்துத் தூரத்தில் மேயும் சின்னப் பன்றிகளை அண்ணன் சுடுவார். விழுந்துவிடும். வீட்டுக்கு வரும் நண்பர்களிடம் நான் அந்தக் கணக்கை விளக்கிச் சொல்வேன். அப்போது எனக்கு இருந்த பெருமையை இப்போது நினைத்தால் முகத்தை எங்கே கொண்டு வைப்பதென்று தெரிவதில்லை.

ஜனவரியில், மழை விட்ட ஒரு காலை, பத்து மணி இருக்கும். ஓடைக்கரையில் ஒரு ஆண் பன்றி நின்றது. அதுவரை பார்த்த எதுவும் அந்த அளவு இல்லை. தோள் மட்டும் ஒரு பீப்பாய் போல இருந்தது. அண்ணன் சுட்டார். அது ஒரு முறை குலுங்கி, புதருக்குள் போய்விட்டது. இலையில் ரத்தம் இருந்தது.

“விட்டுடலாம்ணா. அதுவே செத்துடும்” என்றேன்.

“அடிபட்ட உயிரை அப்படியே விட்டுட்டுப் போகக் கூடாதுங்க, தம்பி. எத்தனை நேரம் கெடந்து துடிக்குமோ. முடிச்சு உட்டுட்டு வந்துரலாம்.”

அவர் முன்னால் போனார். நான் நாலு அடி பின்னால், கையில் ஒன்றும் இல்லாமல். உள்ளே ஆள் உயரத்துக்குச் செடி. இரண்டு கையையும் விரித்தால் இலை தட்டும். இருபது அடி போயிருப்போம். இடது பக்கம் ஒரு சுள்ளி ஒடிந்தது. அண்ணன் திரும்பினார். பன்றி பத்தடியில் இருந்தது. ஓடி வருவதாகக்கூடத் தெரியவில்லை. அங்கே இல்லை, பிறகு இருந்தது, அவ்வளவுதான்.

அவர் இரண்டு முறை சுட்டார். இரண்டும் பட்டன. தோளில் மயிர் சிதறியதை என் கண்ணால் பார்த்தேன். அது வேகம் குறையாமல் வந்து அவரைத் தூக்கிப் போட்டது, தலையை இரண்டு முறை ஆட்டியது, அவரைத் தாண்டிப் போய்விட்டது. மொத்தமும் ஒருவர் இருமி முடிக்கிற நேரம்.

வலது தொடையின் உட்பக்கம் கிழிந்திருந்தது. ரத்தம் விட்டு விட்டுப் பீறிட்டது. எனக்குக் காது அடைத்துவிட்டது. அண்ணன் குரல் மட்டும் கேட்டது. ஆபரேஷன் தியேட்டரில் நர்ஸிடம் பேசுகிற குரலாக இருந்திருக்கும்.

“தம்பி, என்னைப் பாருங்க. பெல்ட்டைக் கழட்டுங்க. காயத்துக்கு மேல, இடுப்புக்கிட்டக்கக் கட்டுங்க. இன்னும் மேல. வேலி முடுக்குன ஸ்பேனர் உங்க பையில இருக்குதுங்களா? அதை உள்ள உட்டுத் திருகுங்க. நான் கத்துனாலும் நிறுத்தக் கூடாது.”

திருகினேன். அவர் கத்தினார். நான் நிறுத்தவில்லை.

“டைம் பாத்துக்குங்க. எப்பக் கட்டுனதுன்னு ஆஸ்பத்திரில அவிய கேப்பாங்க.”

பத்து இருபது. அதைச் சொன்னபோது அவர் உதடு வெளுத்திருந்தது. துப்பாக்கிச் சத்தம் கேட்டு, பிறகு என் அலறல் கேட்டு, மாட்டுக்காரர் வண்டியைப் புதர் வரைக்கும் ஏற்றிக்கொண்டு வந்தார். ரோட்டோரம் ஒரு வெட்டவெளியில் ஆம்புலன்ஸ் ஹெலிகாப்டர் இறங்கியது. என்னை ஏற்றிக்கொள்ளவில்லை.

ரத்தக் குழாயைச் சேர்த்துத் தைத்தார்கள். கால் பிழைத்துவிடும் என்றுதான் முதல் மூன்று நாள் சொன்னார்கள். பன்றியின் பல்லில் இருந்த சேறு உள்ளே போயிருந்தது. ஆறாம் நாள் முழங்காலுக்கு மேலே எடுத்தார்கள். ஒப்புதல் காகிதத்தில் அண்ணனே கையெழுத்துப் போட்டார். எந்த மயக்க மருந்து, எவ்வளவு என்று கேட்டுவிட்டுத்தான் போட்டாராம்.

அண்ணி ஆஸ்பத்திரி நடையில் நின்றிருந்தார். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். “நீங்க கூட இருந்தீங்கல்ல, தம்பி” என்றார். அது நன்றியா, குற்றச்சாட்டா என்று இன்றுவரை தெரியவில்லை. இரண்டும் பொருந்தும்.

அந்த வாரமே மாட்டுக்காரர் என்னைக் கூப்பிட்டிருந்தார், நானும் போனேன். பன்றி கிடைத்துவிட்டதாம். அண்ணன் விழுந்த இடத்திலிருந்து நாற்பது தப்படியில் செத்துக் கிடந்ததாம். அவர் அதை அறுத்துப் பார்த்திருந்தார். கிழட்டு ஆண் பன்றிக்குத் தோள் மேல் தோலுக்கடியில் விரல் தடிமனுக்குக் கெட்டியான கவசம் இருக்கும் என்று சொல்லி, வெட்டி எடுத்த ஒரு துண்டைக் காட்டினார். செருப்புத் தோலை நாலாக மடித்த மாதிரி இருந்தது. நரி சுடுவதற்கென்று செய்த குண்டுகள் அவை; நேருக்கு நேர் சுட்ட இரண்டும் அதிலேயே பொடிப்பொடியாகச் சிதறியிருந்தன. என் உள்ளங்கையில் கொட்டினார். கடுகு தாளித்தது போல் இருந்தன. முதலில், பக்கவாட்டில் சுட்டது மட்டும் ஒரு சிதறலை நுரையீரல் வரைக்கும் அனுப்பியிருந்தது. பன்றி அதில்தான் செத்தது. புதருக்குள் நாங்கள் நுழையும்போதே அது சாக ஆரம்பித்திருந்தது. சாக இன்னும் சில நிமிஷம் அதற்கு இருந்தது. அந்தச் சில நிமிஷம்தான் எங்கள் மேல் வந்தது.

அந்தப் பெண் கேட்டதன் அர்த்தம் அப்போது புரிந்தது. எந்தத் தோட்டாவும் கொல்லும், நேரம் கொடுத்தால். பத்தடியில் நேரம் கிடையாது. அங்கே வேகத்தாலும் ஆற்றலாலும் பிரயோஜனமில்லை. தோலையும் கவசத்தையும் எலும்பையும் தாண்டி, உடையாமல், நேராக உள்ளே போகிற கனம்தான் வேண்டும். உதை என்று நான் பயந்தது அந்தக் கனத்துக்கான விலை. அதை அண்ணன் தோளுக்கு மிச்சப்படுத்திக் கொடுத்தேன்.

பிப்ரவரியில் தனியாகக் கடைக்குப் போனேன். அதே பெண். நடந்ததைச் சொன்னேன். நான்தான் சொன்னேனே என்று அவள் சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் இலேசாகியிருக்கும். சொல்லவில்லை. கண்ணை ஒரு முறை மூடித் திறந்துவிட்டு, பருத்த தோட்டாவை, சிதறாத கெட்டி ஈயக் குண்டு வைத்ததை, எடுத்துக் கொடுத்தாள். அதைப் போடுகிற துப்பாக்கியையும் வாங்கினேன். ஒவ்வொரு குண்டுக்கும் கைப்பிடியை நெம்பி இழுக்கிற பழைய பாணி. மைதானத்தில் இருபது முறை சுட்டதில் தோள் கத்திரிக்காய் நிறத்துக்கு வந்தது. என் மனைவி பார்த்துவிட்டு எண்ணெய் தேய்த்துவிட்டாள்.

மார்ச்சில் மாட்டுக்காரரோடு அதே புதருக்குள் போனேன். இரண்டாவது நாள் மத்தியானம் ஒரு ஆண் பன்றி எங்கள் பக்கம் திரும்பியது. ஆறடி, ஏழடி இருக்கும். சுட்டேன். முன்கால் இரண்டும் மடிந்து, மூக்கு மண்ணில் பதிந்து, நின்ற இடத்திலேயே உட்கார்ந்தது. மறுபடி அசையவில்லை.

மாட்டுக்காரர் என் முதுகில் தட்டினார். நான் துப்பாக்கியை அவர் கையில் கொடுத்துவிட்டுப் புதரை விட்டு வெளியே வந்துவிட்டேன். பயத்தால் இல்லை. இது வேலை செய்கிறது என்பது நிச்சயமாகிவிட்டது, அதனால்.

அதை அண்ணனிடம் போய்ச் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. செயற்கைக் கால் பழகும் நேரம் அவருக்கு. ஹாலில் இரண்டு கம்பிகளுக்கு நடுவே நடந்து பழகிவிட்டு சோபாவில் உட்கார்ந்து வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தார். என் தப்பு என்று ஒருநாளும் அவர் சொன்னதில்லை. நான் சொல்லும்போதெல்லாம் வேறு பேச்சுக்குப் போய்விடுவார். அன்றைக்கு நான் விடவில்லை. கவசம், கனம், ஏழடி, ஒரே குண்டு, எல்லாம் சொன்னேன்.

“நின்ன எடத்துலயே விழுந்துடுச்சுண்ணா.”

அவர் துண்டை மடித்து மடியில் வைத்தார். மறுபடி பிரித்தார்.

“விழுந்துச்சுங்களா.”

“ஆமாண்ணா.”

“சரிங்க. அதை எதுக்குங்க எங்கிட்ட வந்து சொல்றீங்க?”

அவரிடம் கோபம் இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். அண்ணி காபி கொண்டுவந்து வைத்தார். மகள் மாடியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். காபியைக் குடித்துவிட்டுக் கிளம்பினேன். வழக்கமாக வாசல் வரைக்கும் வருகிறவர், அன்றைக்கு எழுந்திருக்க முயற்சிகூடச் செய்யவில்லை.

மே மாதம் நிலத்தை விற்றுவிட்டார். பிறகுதான் எனக்குத் தெரிந்தது. சனிக்கிழமைகளில் என்ன செய்வதென்று தெரியாமல் வீட்டைச் சுற்றிப் புல் வெட்டுகிறேன்.

போன மாதம் கோயில் பார்க்கிங்கில் அவர் காரைப் பார்த்தேன். மகள் ஓட்டி வந்திருந்தாள். ஓடிப்போய்க் கதவைத் திறந்து கையை நீட்டினேன். அவர் கையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“நல்லாருக்கீங்களா, தம்பி?” என்று கேட்டுவிட்டு, கார்க் கூரையைப் பிடித்துக்கொண்டு, “இருக்கட்டுங்க, நானே எறங்கிக்கறேன்” என்றார்.

இறங்க வெகு நேரம் ஆனது. நான் கதவைப் பிடித்தபடியே நின்றேன்.