நாக்கடியில் சிக்கிய ஜரிகை

கடலோர ஊரான மஹ்தியாவில் கல்யாணப் பெண்ணின் சட்டைக்கு ஜரிகை வேலை என்றால் மன்னூபியாவின் கதவைத்தான் தட்டுவார்கள். அவள் அதிகம் பேசமாட்டாள். மகன் ஷுக்ரி யாரிடமும் சொல்லாமல் இத்தாலிக்குப் படகேறிப் போன பிறகு, அந்தக் கொஞ்சப் பேச்சும் நின்றுபோனது. படகு கரை சேரவில்லை என்றார்கள். உடல் கிடைக்கவில்லை. கணவன் லாரூசி அதற்குப் பிறகு மகன் பெயரையே எடுத்ததில்லை. அவள் எடுத்தால் எழுந்து துறைமுகத்துப் பக்கம் போய்விடுவான். ஷுக்ரி வளர்த்த செம்பட்டைப் பூனை மிஷ்மிஷ் மட்டும் அவன் கட்டிலை விட்டு நகராமல் கிடந்தது.

கல்யாண சீசனில் ஒருநாள் பூனை வாந்தி எடுத்தது. முடியைக் கக்குகிறது என்று விட்டுவிட்டாள். மறுநாள் தண்ணீரும் தங்கவில்லை. மத்தி மீனை முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. அது மலம் கழிக்கும் மணல் தட்டு சுத்தமாக இருந்தது. கட்டிலுக்கடியில் முதுகு கூனி உட்கார்ந்திருந்ததை வெளியே எடுத்து வயிற்றைத் தொட்டாள். ஒருபோதும் சீறாத பூனை அவளைப் பார்த்துச் சீறியது.

அடுத்த வீட்டு ஸகியா ஆலிவ் எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்தாள்.

"மலச்சிக்கல்தான்டி. ரெண்டு ஸ்பூன் உள்ள போனா வழுக்கிக்கிட்டு வந்துரும். எங்க மாமியாருக்கே இதைத்தான் குடுத்தேன்."

"அதான் அந்தம்மா உன்னைக் கண்டாலே ஓடுதா?" என்றபடி லாரூசி பூனையைப் பிடித்து அதன் வாயைத் திறந்தான்.

நாக்கின் அடியில் ஜரிகை இழை ஒன்று சுற்றிக்கொண்டு தொண்டைக்குள் இறங்கியிருந்தது.

"இதோ இருக்கு சனியன்!" அவன் விரல்கள் இழையைப் பிடித்துவிட்டன.

"லாரூசி, கையை எடு!"

மன்னூபியாதான் கத்தினாள். அந்த வீட்டில் அப்படி ஒரு சத்தம் எழுந்து வெகுகாலமாகியிருந்தது. அவன் கை தானாக விலகியது.

"சுருக்குத் தையல்ல ஒரு முனையை இழுத்தா என்ன ஆகும்? துணி மொத்தமும் சுருங்கும். மெல்லிசுன்னா கிழிஞ்சே போகும். உள்ள இருக்கறது குடல்யா!"

ஸகியா கிண்ணத்தைக் கீழே வைத்தாள். பூனையைத் துண்டில் சுற்றிக்கொண்டு டாக்ஸியில் கால்நடை மருத்துவரிடம் ஓடினார்கள்.

டாக்டர் இன்ஸாஃப் வயிற்றை மெல்ல அமுக்கினாள், ஸ்கேன் எடுத்தாள்.

"இழுக்காம விட்டீங்களே, புண்ணியம். எண்ணெய் ஊத்தாததும் நல்லது. ஆனா சாப்பிடாம, தண்ணியையும் கக்குச்சுன்னா அப்பவே தூக்கிட்டு வரணும்மா. குடல் நூல்ல கோத்த மாதிரி சுருண்டு கிடக்கு. இப்பவே வயித்தைத் திறக்கணும். பிழைக்கும்னு என்னால சத்தியம் பண்ண முடியாது. பூனை யாரோடது? யார் சம்மதம் சொல்றீங்க?"

மன்னூபியா வாய் திறப்பதற்குள் லாரூசி சொன்னான்.

"என் மகனோடது. பேரு ஷுக்ரி. அவன் இல்ல. கடல்ல போயிட்டான். நீங்க திறங்க, டாக்டர்."

மன்னூபியா பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். மகன் செத்துவிட்டான் என்று லாரூசி ஒப்புக்கொண்டானா, இல்லை இன்னும் காத்திருக்கிறானா என்பது அவளுக்கு அதுவரை தெரியாது. பூனையை உள்ளே கொண்டுபோய்க் கதவை மூடியதும் அவன் அருகில் வந்து உட்கார்ந்தான்.

"மழையில நனைஞ்சு, குட்டியைச் சட்டைக்குள்ள வச்சுக் கொண்டாந்தான். ஞாபகமிருக்கா? நான் வெளிய போடுன்னு கத்தினேன். அப்பா, இது உன்னை மாதிரியே முறைக்குதுன்னான்."

அவள் அழவில்லை. அவன் நிறுத்தினால் "அப்புறம்?" என்றாள். அவன் சொல்லிக்கொண்டே போனான்.

குடலில் ஒரு துண்டை வெட்டி எடுக்க வேண்டியிருந்தது. சில நாள்வரை, பிழைக்குமா என்பதே சந்தேகமாக இருந்தது. பிறகு ஒரு நாள் காலை, குழைத்த கோழிக்கறியை டாக்டரின் விரலிலிருந்து நக்கியது.

அது வீடு வந்த வெள்ளிக்கிழமை லாரூசி தெருவில் வீடு வீடாகப் போய் அழைத்தான். பெரிய பானையில் கோதுமை ரவை குஸ்குஸ் சமைத்தார்கள். ஸகியா வெங்காயம் நறுக்கியபடியே அழுதாள். ஷுக்ரியின் பெயரைச் சொல்லி அந்த வீட்டில் முதல்முறையாக, இறந்தவர்களுக்கு ஓதுவதுபோல் குர்ஆன் ஓதப்பட்டது. வந்தவர்கள் ஒவ்வொருவரும் லாரூசியின் தோளைத் தொட்டுவிட்டுப் போனார்கள். மன்னூபியா வாசலில் நின்று, கடைசி ஆள் போகும்வரை வழியனுப்பினாள்.