என் சக்களத்தி ஒரு பூச்சி

யுத்தம் முடிந்து இரண்டொரு வருடத்தில் என் கணவருக்கு மலைநாட்டுப் பாடசாலை ஒன்றில் விஞ்ஞான ஆசிரியர் வேலை கிடைத்தது. மாதத்துக்கு ஒரு தடவை தில்லையடியில் எங்கள் வீட்டுக்கு வருவார். சோற்றில் கை வைக்கும்போதே கதை தொடங்கிவிடும். மனிசர் கதை அல்ல, பூச்சிக் கதை.

சின்ன அந்துப்பூச்சியாம். மலை உச்சிப் புல்லில்தான் இருக்குமாம். புழுவாக இருக்கும்போதே புல் துண்டுகளை நூலால் ஒட்டி ஒரு பை செய்து, அதற்குள் இருந்தபடி தலையை மட்டும் நீட்டித் தின்னுமாம். வளர்ந்ததும் ஆண் பறந்துவிடும். பெண்ணுக்கு இறக்கையே முளைக்காது. பனி விலகும் நேரம் ஆண்தான் மணம் பிடித்துத் தேடி வரவேண்டும். பெண் அந்தப் பைக்குள்ளேயே முட்டையிட்டு அதற்குள்ளேயே செத்துப்போகும்.

"பாவம், அவவுக்கு அந்தப் பைதான் உலகம்" என்பார். அந்த 'அவ'வைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். என்னைப் பற்றி இப்படி உருகி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

எங்கள் ஆட்களிலும் பெண்ணுக்குத்தான் வீடு. யுத்தக் காலத்தில் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு உடுத்த உடுப்போடு வந்த என் வாப்பா, உப்பளத்தில் வேலை செய்து சிறுகச் சிறுகக் கட்டிய வீட்டைச் சீதனமாகத் தந்தார். மாப்பிள்ளைதான் வந்து இருக்கவேண்டும். என் மாப்பிள்ளை வந்தார், இருந்தார், பிறகு மலையேறிவிட்டார்.

பக்கத்திலேயே, பாலாவியில் ஒரு ஆசிரியர் இடம் காலியானது. மாற்றம் கேட்டு எழுதச் சொன்னேன். "பூச்சி வெளிய வாற காலம், இப்ப ஏலாது" என்றார். மகளுக்குக் காய்ச்சல் என்று போன் எடுத்தேன். "லீவு தரமாட்டாங்க. டொக்டரிட்டக் காட்டுங்க." தனியாகத்தான் தூக்கிக்கொண்டு போனேன். அந்தப் பூச்சி என் கையில் அகப்பட்டால் நசுக்கியே போட்டிருப்பேன்.

பிறகு ஒருநாள் உடுப்புக் காயப்போடும்போது, வளவிலுள்ள கொய்யா மரத்தில் சுள்ளிப் பைகள் தொங்கக் கண்டேன். ஒரு பையிலிருந்து கறுத்த தலை ஒன்று நீண்டு இலையைக் கடித்தது. உடனே போன் எடுத்தேன்.

"இஞ்ச பாருங்க, உங்கட ஆள் நம்மட கொய்யா மரத்துல தொங்குறா."

"மெய்யாவா? தொட்டுடாதீங்க. நான் வாறேன்."

அடுத்த நாள் பின்னேரமே வந்து நின்றார். லீவு எங்கிருந்து முளைத்ததோ. நான் கண்ணுக்குச் சுருமா இட்டிருந்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், பூச்சியைக் காட்டியாவது ஆளைப் பிடித்துவிடலாம் என்று நம்பினேன். ஓடிவந்த மகளின் தலையைத் தடவிவிட்டு, தோளில் பையோடு நேரே கொய்யா மரத்தடிக்குப் போனார்.

சுள்ளிப் பை ஒன்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகம் தொங்கிப்போயிற்று.

"இது அது இல்ல. இது கரைப்பக்கத்துப் பூச்சி. எங்கயும் கிடக்கும்."

"நானும் கரைப்பக்கத்தில கிடக்கிறவதான்" என்றேன். "பாலாவிக்கு எழுதுறீங்களா, இல்லையா?"

அவர் கையில் ஒட்டிய தூசியைத் தட்டிக்கொண்டார். தேத்தண்ணி ஒன்று தரச் சொன்னார். பிறகு, மலைக்குத் திரும்ப, விடியப் புறப்படும் கண்டி பஸ் இப்போதும் ஓடுகிறதா என்று கேட்டார்.