யாரும் அழுத்தாத கமாண்ட்

1. ஃபோன் வந்த காலை

தொண்ணூறுகளின் பிற்பகுதி. சிஞ்ச்வட்டில் இருந்த எங்கள் சின்ன ஆபீசுக்கு ஒரு காலை ஃபோன் வந்தது. புணேவுக்கு வெளியே மலைச்சரிவில் ஒரு தரை நிலையம். அங்கிருந்து செயற்கைக்கோளுக்குக் கட்டளை அனுப்பும் சாஃப்ட்வேர் நாங்கள் எழுதிக் கொடுத்தது. அன்று கோள் அடிவானத்துக்கு மேலே வந்து படம் அனுப்ப ஆரம்பித்ததுமே அதன் கேமரா அணைந்துவிட்டதாம். ‘கேமரா ஆஃப்’ என்ற கமாண்ட் எங்கள் சாஃப்ட்வேர் வழியாகத்தான் போயிருக்கிறது. அன்றைய படங்கள் மொத்தமும் போச்சு.

எங்கள் முதலாளி ராமநாதன் சார் நல்ல மனிதர். ஆனால் பயம் வந்துவிட்டால் அவருடைய நியாயம் கொஞ்சம் வளைந்துகொடுக்கும்.

“கன்சோல்ல இருந்த பொண்ணு கை தவறி அழுத்தியிருப்பா வசந்தா. போய்ப் பாத்துட்டு அப்படியே ரிப்போர்ட் எழுதிக் குடுத்துட்டு வந்துடு.”

“பாத்துட்டு எழுதறதா சார், எழுதிட்டுப் பாக்கறதா?”

“வாயாடாத. நம்ம சாஃப்ட்வேர் தப்புன்னு வந்தா அடுத்த ஆர்டரை மறந்துடலாம்.”

வழியெல்லாம் எனக்கு எரிச்சலாக இருந்தது. அவர் சொன்னது உண்மையாகவும் இருக்கலாம் என்பதுதான் கூடுதல் எரிச்சல்.

2. செல்வி

கன்சோலில், அதாவது கமாண்ட் கொடுக்கும் திரைக்கு முன்னால், இருந்த பெண்ணின் பெயர் செல்வி. போபோடியில் வீடு, அப்பா கட்கியில் தொழிற்சாலை வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். செல்விக்கு ஒப்பந்த வேலைதான். ரிப்போர்ட்டில் அவள் பெயர் வந்தால் அந்த நாற்காலியில் அவள் மறுபடி உட்கார முடியாது. ஏற்கெனவே அவளை எழுப்பி கேன்டீன் பக்கம் தனியாக உட்கார வைத்திருந்தார்கள். நான் தமிழ் என்று தெரிந்ததும் எழுந்து வந்தாள்.

“கசம் மேடம், நான் கீபோர்டத் தொடக்கூட இல்ல. கேமரா டைமர்ல ஆன் ஆயிருந்துச்சு. ஆன்டெனா கோளைப் பிடிச்சுது, உடனே கேமரா ஆஃப்னு வருது. நானே கப்ராய்ட்டேன்.” சத்தியமாகத் தொடவில்லை, தானே பதறிப்போனதாக இந்தி கலந்து சொன்னாள்.

பயந்துபோய்ச் சொல்கிற பொய்யா, உண்மையா? எங்கள் லாகில், அதாவது சாஃப்ட்வேர் தானே எழுதிக்கொள்ளும் பதிவேட்டில், எந்த கமாண்ட் எப்போது மேலே போனது என்பது மட்டும்தான் பதிவாகும். யார் எப்போது அழுத்தினார்கள் என்பது கிடையாது. ஆகவே லாக் அவளுக்கு எதிராகத்தான் இருந்தது.

“முந்தின நாள் என்ன ஆச்சு? ஒண்ணு விடாம சொல்லும்மா.”

“நேத்திக்கு படம் எல்லாம் வந்துடுச்சு. கடைசில கேமரா ஆஃப் குடுத்தேன், ஜவாபே வரல. கமாண்ட் அனுப்பற உங்க என்கோடர் அட்டக் ஆயி அப்படியே நின்னுடுச்சு. அதுக்குள்ள கோள் கீழ எறங்கிடுச்சு. கேமரா அதுவா டைமர்ல ஆஃப் ஆயிடுச்சுன்னு சொன்னாங்க. நாங்க எல்லா புரோகிராமையும் நிறுத்திட்டு திரும்ப ஸ்டார்ட் பண்ணோம்.”

“மெஷினை ஆஃப் பண்ணலியா?”

“இங்க மெஷின ஆஃப் பண்ணவே மாட்டோம் மேடம். அதுக்கு சார்கிட்ட பர்மிஷன் வேணும்.”

எங்கள் ஆபீசில் மெஷினை அணைக்க யாரும் யாரிடமும் பர்மிஷன் கேட்டதில்லை.

3. எங்கள் வியாழக்கிழமை

இளைஞர்களுக்காக இங்கே கொஞ்சம் விளக்கம். எங்கள் சாஃப்ட்வேர் ஒரே புரோகிராம் இல்லை. திரையைப் பார்த்துக்கொள்ள ஒரு பிராசஸ், கமாண்டை ரேடியோவுக்கு ஏற்றபடி மாற்றி அனுப்ப என்கோடர் என்று இன்னொன்று, ஆன்டெனாவைத் திருப்ப மற்றொன்று. இவை நேரடியாகப் பேசிக்கொள்வதில்லை. நடுவே ஒரு மெசேஜ் க்யூ இருக்கும். திரை பிராசஸ் கமாண்டை அதில் போடும், கோளோடு தொடர்பு கிடைத்ததும் என்கோடர் அதை எடுத்து அனுப்பும். அந்த க்யூ எந்த பிராசசுக்கும் சொந்தமில்லை. எல்லா பிராசசும் செத்தாலும் அது ஆபரேட்டிங் சிஸ்டத்தின் பொறுப்பில் அப்படியே இருக்கும். யாராவது காலி செய்ய வேண்டும், அல்லது மெஷினை அணைக்க வேண்டும்.

இது எங்களுக்குத் தெரியாதா? பரீட்சையில் படம் போட்டு எழுதியவர்கள்தான் அத்தனை பேரும். ஆனால் எங்கள் தொழிற்பேட்டையில் வியாழக்கிழமை கரண்ட் கிடையாது, அன்றுதான் வார விடுமுறை. புதன் மாலை எல்லா மெஷினையும் அணைத்துவிட்டுப் போவோம். மற்ற நாட்களில் எது அடைத்துக்கொண்டாலும் ஒவ்வொரு பிராசசாகத் தேடிக் கொல்லப் பொறுமையில்லாமல் மெஷினையே ஒரு தடவை அணைத்துப் போடுவோம். மாதக்கணக்கில் டெஸ்ட் செய்தும் பழைய கமாண்ட் க்யூவில் தங்கி ஒரு தடவைகூட நாங்கள் பார்த்ததில்லை. எங்கள் சாஃப்ட்வேர் சுத்தமானது என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்தோம். சுத்தம் செய்தது மின்வாரியம்.

4. மடியில் இருந்த கைகள்

நிலையத் தலைவர் ஜோக்லேகர் சார் அதிகம் பேசாதவர். அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மாற்று மெஷினில் ஆன்டெனாவுக்குப் பதில், கோள் போல நடிக்கும் டெஸ்ட் பாக்சை மாட்டினேன். முந்தின நாள் போகாத கமாண்ட் க்யூவிலேயே தங்கி இன்று போயிருந்தால், இதிலும் அப்படியே போக வேண்டும். முந்தின நாள் நின்றது போலவே என்கோடரை நிறுத்திவிட்டு ‘கேமரா ஆஃப்’ கொடுத்தேன். பிறகு எல்லா பிராசசையும் நிறுத்தி மறுபடி ஓடவிட்டேன். செல்வியைக் கூப்பிட்டுக் கன்சோலில் உட்காரச் சொன்னேன்.

“கைய மடில வெச்சுக்கோ. எது வந்தாலும் எடுக்காத.”

தொடர்பு கிடைத்ததாக டெஸ்ட் பாக்சில் சிக்னல் கொடுத்தேன். திரையில் ‘கேமரா ஆஃப் அனுப்பப்பட்டது’ என்று வந்தது. செல்வியின் கைகள் மடியிலேயே இருந்தன.

“ஃபிர் சே கரோ” என்றார் ஜோக்லேகர் சார், இன்னொரு தடவை செய் என்று. செய்தேன். அதேதான் வந்தது.

எங்கள் தப்பு ஊரறிய நிரூபணமாகிவிட்டது. எனக்கோ தலையிலிருந்து மூட்டையை இறக்கியது போல இருந்தது. அங்கிருந்தே ராமநாதன் சாருக்கு ஃபோன் போட்டேன்.

“தப்பு நம்மளோடதுதான் சார். அந்தப் பொண்ணு தொடவே இல்ல. அப்படித்தான் எழுதப் போறேன்.”

அந்தப் பக்கம் அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரும் சத்தம் கேட்டது.

“போனது கேமரா ஆஃப் மட்டும்தானே?” என்றார்.

“ஆமா சார். கோளைத் திருப்பற கமாண்ட் எதுவும் க்யூவுல மாட்டல. மாட்டியிருந்தா கோளே போயிருக்கும்.”

“பெருமாளே. எழுதிடு. எப்ப சரி பண்ணுவேன்னும் சேத்து எழுது.”

திருத்தம் சின்னதுதான். ஆரம்பிக்கும்போது க்யூவைக் காலி செய்ய வேண்டும். ஒவ்வொரு கமாண்டும் அழுத்திய நேரத்தைச் சுமந்து போக வேண்டும், நேரம் கடந்தால் என்கோடர் அதைத் தூக்கிப் போட வேண்டும். அந்த நேரம் லாகிலும் பதிவாக வேண்டும். அதன்பின் டெஸ்ட் என்றால் வாடிக்கையாளர் மெஷினை எப்படி நடத்துகிறாரோ அப்படியே நடத்தித்தான் செய்தோம். அடுத்த ஆர்டர் வந்தது, கொஞ்சம் தாமதமாக.

இந்தத் தொழிலில் நான் கற்றது இதுதான்: லாக் ஒன்று சொல்லி, கன்சோலில் இருப்பவர் வேறு சொன்னால், முதலில் அந்த ஆளை உட்கார வைத்து முழுசாகக் கேளுங்கள். லாகில் நாம் எழுதச் சொன்னது மட்டும்தான் இருக்கும்.

அன்று நான் கிளம்பும்போது செல்வி நிலையத்து ஃபோனில் வீட்டோடு பேசிக்கொண்டிருந்தாள். காலையிலிருந்து அடக்கி வைத்திருந்த அழுகை அப்போதுதான் அவளுக்கு வந்தது.

“ஒண்ணும் இல்லப்பா, நல்லாத்தான் இருக்கேன்,” என்றாள் மூக்கைத் துடைத்துக்கொண்டு. “நாளைக்கும் சாப்பாட்டு டப்பா கட்டணும்னு அம்மாகிட்ட சொல்லு. எனக்கு டியூட்டி இருக்கு.”